நிலக்கல் முதல் பம்பை வரை

கார்த்திகை 19

இன்று மாலை, சபரிமலைக்கு எங்களை அழைத்துச் செல்லும் குருசாமி வீட்டில் கூடினோம். பேச்சில் பாதி நிலக்கல்லைப் பற்றித்தான். முன்பெல்லாம் இந்தக் கூட்டத்தில் நெய்த்தேங்காய் யார் வாங்குவது, முதல் முறை மலைக்கு வரும் கன்னிசாமிகளுக்கு என்னென்ன சொல்லிக்கொடுப்பது, பெரிய பாதையா சின்னப் பாதையா என்று பேசுவோம். இப்போது பஸ் ஏற எவ்வளவு நேரம் ஆகும், கூட்டத்தில் பிரிந்தால் எங்கே காத்திருப்பது, மலையிறங்கி வந்து வேனை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் பேச்சு.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஆயிற்று. பம்பை அன்று தடம் மாறிப் பாய்ந்ததில் திரிவேணியில் வண்டிகள் நின்ற இடம் மண்ணோடு போனது. இராமமூர்த்தி மண்டபமும் போனது. அந்த ஆண்டிலிருந்து நிலக்கல்லில் வண்டியை நிறுத்திவிட்டு, இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும் காட்டுச் சாலையில் செயின் சர்வீஸ் பஸ்ஸில் பம்பைக்குப் போக வேண்டும். நடை அங்கேதான் தொடங்குகிறது. சிறிய வண்டிகளுக்கு மட்டும் 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் வழிவிட்டது: பம்பையில் ஆளை இறக்கிவிட்டு நிலக்கல்லுக்கே திரும்பி வந்து நிற்க வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை.

இதை வைத்துத்தான் இன்று ஒரு வாக்குவாதம். திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு சாமி, "நாலு கார் பிடிச்சிட்டா பம்பையிலயே இறங்கிரலாம், எதுக்குக் கிடந்து அல்லாடணும்?" என்றார். வேன் வாடகையில் தலைக்கு விழும் பங்கையே இரண்டு தவணையாகக் கொடுக்கிற சுமைதூக்கும் சாமியும் டீக்கடை சாமியும் வாய் திறக்கவில்லை. குருசாமிதான் சொன்னார்: "ஒண்ணா மாலை போட்டோம், ஒண்ணாத்தான் போறோம்." அதோடு பேச்சு முடிந்தது.

கார்த்திகை 23, இரவு

இருமுடிக் கட்டு நிறைத்துக் கிளம்பிவிட்டோம். சீசனில் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்புகிறவற்றைக் குமுளி வழியாக இறக்குகிறார்கள். இந்த ஒருவழி ஏற்பாடு நல்ல ஏற்பாடு. கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு பஸ் வந்து நின்று, இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் வண்டிகள் தேங்கிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். கூட்டத்தை எப்படிப் பிரித்துவிடுவது என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இந்த மலைச்சாலையே சாட்சி. கட்டப்பனையில் தேநீர். குட்டிக்கானத்தில் நல்ல பனி.

கார்த்திகை 24, அதிகாலை, நிலக்கல்

எருமேலியில் பேட்டை துள்ளி முடித்து, கணமலை இறக்கம் தாண்டி இங்கே வந்து சேரும்போது இன்னும் விடியவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். தேவஸ்வத்துக்குக் கொடுக்கப்பட்ட சுமார் 110 ஹெக்டேர் நிலம் இது. நிலக்கல்லை அடிவார முகாமாக்குவது 2007-ல் ஏற்கப்பட்ட மாஸ்டர் பிளானிலேயே உண்டு. பதினொரு ஆண்டுகள் கழித்து, ஆறு வந்து இழுத்துவிட்ட பிறகுதான் எல்லோரும் இங்கே வந்து சேர்ந்தோம்.

டிரைவர் தம்பி வண்டியை நிறுத்தியதும் குருசாமி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் மைதானத்தின் எண்ணையும் வேனின் எண்ணையும் பேனாவால் எழுதினார். குளித்தால் அழியும் என்று கன்னிசாமிகளுக்கு முன்கையில் இன்னொரு முறை. செல்போனை நம்ப முடியாது. இத்தனை ஆயிரம் பேர் ஒரே இடத்தில் இருந்தால் சிக்னல் இருந்தும் இல்லாததுதான்.

பஸ் ஏறுகிற இடத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதிவைக்கிறேன். பிறகு நினைவிலிருந்து எழுதினால் கோபம் குறைந்துவிடும்.

வரிசை இல்லை. கம்பி கட்டிய இடம் கொஞ்ச தூரம் இருக்கிறது. அது முடிகிற இடத்தில் வரிசையும் முடிகிறது. பஸ் எங்கே வந்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. விளக்கு தெரிந்ததும் எல்லோரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். ஒரு கை தலையில் இருமுடியைப் பிடித்திருக்க, மற்றக் கையால்தான் கதவுக் கம்பியைப் பற்ற வேண்டும். சாதாரணமாக நம் ஊரில் பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியே துண்டைப் போடுவோம், பையைப் போடுவோம். இருமுடியை அப்படிப் போட முடியாது. தரையில் வைக்கவும் கூடாது. இறக்குவதும் ஏற்றுவதும் குருசாமி கையால் நடக்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே ஒரு குழு இரண்டு பஸ்ஸாகப் பிரிந்தால் பாதிப்பேருக்குக் கட்டைத் தூக்கிவைக்க ஆளில்லை. எங்களோடு வந்த ஒன்பது வயதுக் கன்னிசாமி அப்படித்தான் குருசாமியைவிட்டுப் பிரிந்தான். அவனுடைய அப்பா ஏறிவிட்டார், பிள்ளை கீழே நின்றுவிட்டான். கதவு மூடியதும் அவன் எழுப்பிய சத்தத்தில் அந்த டிரைவரே பதறிப்போய் வண்டியை நிறுத்தினார். டிரைவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரவெல்லாம் அதே வளைவுகளில் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள்.

மூன்று பஸ்ஸை விட்டோம். ஓடி ஏற முடிந்தவர்கள் ஏறினார்கள். என்னைப் போல மாளிகைப்புறம் என்று அழைக்கப்படும் வயதான பெண்களும், குழந்தையைத் தோளில் வைத்திருந்தவர்களும், ஒரு காலைச் சாய்த்து நடந்த ஆந்திரப் பெரியவர் ஒருவரும் அதே இடத்தில் நின்றோம். உயரமான படிக்கட்டு பஸ் வந்தபோது அந்தப் பெரியவரை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நாங்கள் நின்ற இடத்தை ஒட்டிய சாலையில் கார்கள் பம்பையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே இருந்தவர்களும் கறுப்பு வேட்டி கட்டியவர்கள்தான், மாலை போட்டவர்கள்தான். அவர்கள் விரதத்தில் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் மாலை போட்டுவிட்டால் கூலிக்காரனையும் முதலாளியையும் ஒரே பெயரில் 'சாமி' என்று அழைக்கிற இந்த வழிபாட்டில், ஐந்து பேர் ஏறும் வண்டியில் வந்தவருக்கு ஒரு வழியும், இருபத்தைந்து பேர் ஏறும் வண்டியில் வந்தவருக்கு வேறு வழியும் என்று பிரித்துவைத்திருப்பது இந்தச் சாலை ஒன்றுதான்.

அதே நாள், பிற்பகல், பம்பை

பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான் வந்தோம். முக்கால் மணி நேரத்தில் வரவேண்டியது, சாலக்கயத்துக்கு அருகில் வெகுநேரம் அசையவில்லை. பம்பையில் ஆளை இறக்கும் இடத்தில் கார்கள் தேங்கியிருந்தன. அவை திரும்பினால்தான் பஸ் உள்ளே போகலாம்.

நின்ற நேரத்தில் மனக்கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வேறு என்ன வரும்! ஐம்பது பேர் காரில் வந்தால் பத்துக் கார். ஒவ்வொரு காரும் இந்தச் சாலையை நான்கு முறை தேய்க்கிறது: ஆளோடு பம்பைக்கு, வெறும் வண்டியாக நிலக்கல்லுக்கு, மறுநாள் வெறும் வண்டியாகப் பம்பைக்கு, ஆளோடு நிலக்கல்லுக்கு. மொத்தம் நாற்பது ஓட்டம். அதில் இருபது, டிரைவரைத் தவிர யாரும் இல்லாத ஓட்டம். அதே ஐம்பது பேருக்கு பஸ் என்றால் போக ஒன்று, வர ஒன்று. அந்த இரண்டும் நிறைந்த ஓட்டங்கள், ஏனென்றால் ஆளை இறக்கிய பஸ் மலையிறங்கியவர்களை ஏற்றிக்கொண்டுதான் திரும்புகிறது. பஸ் பற்றாக்குறை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாலையில் வெற்று வண்டி ஓடாமல் இருந்தால், இருக்கிற பஸ்ஸே இன்னும் எத்தனையோ நடை கூடுதலாக அடிக்கும்.

திருப்பூர் சாமியிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சரிதான் டீச்சர், ஆனா எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்தா நான் காரில்தான் வருவேன்" என்றார். அதில் தப்பே இல்லை. நடக்க முடியாதவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் கார் போகட்டும். வண்டியின் அளவைப் பார்த்து அனுப்பாமல் வண்டிக்குள் இருப்பவரின் உடம்பைப் பார்த்து அனுப்பட்டும். அந்த ஆந்திரப் பெரியவர் காரில் போயிருக்க வேண்டியவர்.

குளித்தாயிற்று. கணபதி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு ஏறப்போகிறோம்.

கார்த்திகை 25, மாலை

நீலிமலை, அப்பாச்சிமேடு, மரக்கூட்டம், நடைப்பந்தல், பதினெட்டுப் படி. தரிசனத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது எழுதுவதற்கு அல்ல. ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்கள். நிலக்கல்லில் கதவுக் கம்பிக்கு முண்டியடித்தவர்களும் இவர்களேதான். மனிதர்கள் அங்கே கெட்டவர்களாகவும் இங்கே நல்லவர்களாகவும் மாறிவிடவில்லை. இங்கே பாதை இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே பாதை; தனக்கும் இடம் உண்டு என்று தெரிந்தவர் அடுத்தவரைத் தள்ளுவதில்லை.

கார்த்திகை 26, விடிவதற்கு முன், நிலக்கல்

திரும்பும் பஸ்ஸில் ஏறுவது போகும்போதைவிடக் கடினம். கால் தளர்ந்து, துணி நனைந்து, தூக்கமில்லாத கூட்டம். இங்கே வந்து இறங்கினால் எல்லா மைதானமும் ஒன்றுபோல் இருக்கிறது. கையில் எழுதிய எண் பாதிப்பேருக்கு அழிந்துவிட்டது. சுமைதூக்கும் சாமிதான் முன்னால் நடந்து, வேன் முகப்பில் கட்டியிருந்த எங்கள் ஊர்ப் பேனரைக் கண்டுபிடித்தார்.

டிரைவர் தம்பி வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தான். எழுப்பினால் சிரித்துக்கொண்டே எழுந்தான். வண்டிக்குள் புழுக்கம், வெளியே பனி, நடுவில் அதுதான் வசதி என்றான். பக்கத்து வண்டி டிரைவர்களோடு சேர்ந்து கல்லடுப்பில் கஞ்சி வைத்துக் குடித்திருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போகப் பெரிய நடை. "எத்தனை வருஷமா வர்ற தம்பி?" என்று கேட்டேன். "லைசென்ஸ் எடுத்ததுலருந்து வர்றேன் டீச்சர். மலைக்குத்தான் போனதில்ல. வண்டியை விட்டுட்டு எங்கிட்டுப் போறது?" என்றான். இனி இவன்தான் குமுளி வளைவுகளில் எங்களை இறக்கிக் கொண்டுபோக வேண்டும். இரண்டு இரவு சாக்கில் கிடந்த கண்களோடு.

வண்டி நிற்க இடம் உண்டு, வண்டியோடு நிற்கிற ஆளுக்கு ஒரு கூரை இல்லை. மனசு ஆறவில்லை.

கார்த்திகை 28, வீட்டில்

மாலையைக் கழற்றிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் நிலக்கல் கதையைச் சொன்னபோது, "பம்பையிலயே பெரிசா ஒரு பார்க்கிங் கட்டிட்டா முடிஞ்சது" என்றார். பலரும் இதையே சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அது 1978 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் பெரியார் காட்டின் மடி. ஆற்றங்கரையைச் சமப்படுத்தி வண்டி நிறுத்திப் பார்த்தோம், ஆறு 2018-ல் கணக்கைத் தீர்த்தது. இன்னொரு முறை கட்டினால் இன்னொரு முறை வரும்.

இடநெருக்கடி மட்டும் இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 1999 ஜனவரி 14, மகரஜோதி அன்று பம்பை ஹில்டாப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நெரிசலில் இறந்தார்கள். அதே ஜனவரி 14, 2011-ல் புல்மேட்டில் நூறு பேருக்கு மேல். இறந்தவர்களில் நம் பக்கத்து ஆட்கள் நிறைய. ஜோதி பார்த்த கூட்டம் மொத்தமாகத் தங்கள் தங்கள் வண்டிகளை நோக்கி இருட்டில் திரும்பியபோது நடந்தது அது. படியேறும்போதோ சன்னிதியிலோ நடக்கவில்லை. நடைபாதையும் வண்டி நிற்கும் இடமும் ஒன்றோடொன்று கலக்கிற இடத்தில் நடந்தது. அங்கே கம்பியும் விளக்கும் ஆளும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டோம். ஒன்பது வயதுப் பிள்ளை பஸ் கதவில் அலறியபோது எனக்குப் புல்மேடுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில் எழுதி, கம்பத்தில் மலையாளம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றி எழுதச் சொல்வதாக ஏற்பாடு. கூட்டம் மிகுந்த நாட்களில் நிலக்கல்லுக்கு அப்பால் பஸ் மட்டும் போகட்டும், முடியாதவர்களின் வண்டியைத் தவிர. பஸ் நிற்கும் இடங்களுக்கு எண் போட்டு, கடைசி ஆள் வரைக்கும் கம்பி வரிசை கட்டட்டும். முதியவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் ஏறத் தாழ்ந்த படி உள்ள பஸ் தனியாக ஓடட்டும். ஒரு குழுவை ஒரே பஸ்ஸில் ஏற்றட்டும். ஏறும் இடத்திலும் மைதானங்களிலும் தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் பெரிய எழுத்தில் பலகை வேண்டும். இரவில் தெரிகிற மாதிரி விளக்கும் வேண்டும்.

குருசாமி வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திருப்பூர் சாமி போனிலேயே பெயரைச் சேர்க்கச் சொன்னார். டிரைவர் தம்பி இன்று வாடகைப் பாக்கி வாங்க வந்தவன், மனுவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "டிரைவருங்க படுக்க ஒரு ஷெட்டும், குளிக்கத் தண்ணியும்னு ஒரு வரி எழுதுவீங்களா டீச்சர்?" என்று கேட்டான். அதை முதல் கோரிக்கையாகப் போட்டு, மனுவை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.