வாயால் பெய்த மழை

“வாயை மூடு!” – ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் மிகுதியாகக் கேட்ட சொற்கள் இவையே. ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் கடைசி பெஞ்சிலிருந்து காகம் கரையும், பூனை கத்தும். அதற்காக வராந்தாவில் நின்ற நாள்கள் பல. வீட்டிலும் அப்படித்தான். இளைப்பு நோயால் அவதியுறும் என் ஆச்சியைப் போல மூச்சு வாங்கிக் காட்டித் தம்பி தங்கையரைச் சிரிக்க வைப்பேன். ஆச்சியும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இவ்வாண்டு இலக்கிய மன்ற விழாவுக்காக நாங்கள் பத்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். மழை இரவில் நோயுற்ற கிழவிக்கு மருந்து வாங்க ஓடும் ஒரு சிறுமியின் கதை அது. கைப்பேசியில் எடுத்த காட்சிகள் நன்றாகவே வந்தன. ஒலியோ காற்றின் இரைச்சலில் பாழாயிற்று. எங்கள் தமிழாசிரியையான அருட்சகோதரி என்னைப் பார்த்து, “வகுப்பில் கத்தும் வாய்க்கு இப்போது வேலை வந்துவிட்டதே!” என்றார்.

இத்துறையைப் பற்றித் தேடிப் படித்தபோது வியந்து போனேன். 1933-இல் வெளிவந்த ‘கிங் காங்’ படத்தில் சிங்கம், புலியின் உறுமல்களோடு ஒலிக்கலைஞர் மர்ரே ஸ்பிவாக்கின் சொந்த முனகலும் கலந்திருக்கிறதாம். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் குட்டி இயந்திர மனிதனுக்கு, பென் பர்ட் என்பவர் மழலை போன்ற தம் குரலை மின்னணு ஒலியோடு இணைத்தார். நம் தமிழிலோ, 1974-இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’ படத்தில், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலுக்கிடையே பலகுரல் தந்தவர் சதன்!

நாங்களும் துணிந்தோம். ஐந்து தோழியர் வெவ்வேறு தூரத்தில் நின்று ‘ஸ்’, ‘ஷ்’ என்று விடாமல் ஒலிக்க, மழை பெய்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென விடுவிக்க, கூரையிலிருந்து நீர் சொட்டியது. அடித்தொண்டையில் நான் உறுமியதைப் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓடவிட்டோம். இடியே இடித்தது!

கிழவியின் மூச்சு மட்டும் சரியாக வரவில்லை. வழக்கம்போல் ‘ஹா, ஹா’ என்று காற்றை உள்ளே இழுத்தேன். தோழியர் சிரித்துவிட்டனர். அன்றிரவு ஆச்சியின் கட்டிலருகே அமர்ந்து முதன்முறையாக அவர் மூச்சை உற்றுக் கேட்டேன். இழுப்பது சிறியது. வெளியே விடுவதுதான் பெரும்பாடு. மெல்லிய சீழ்க்கை போல அது நீண்டு கொண்டே போனது. முழங்காலில் கையூன்றி, முன்னால் குனிந்து, விடியும்வரை அவர் அப்படியே அமர்ந்திருந்தார்.

மறுநாள் அதே போல் ஒலித்துப் பதிவு செய்தேன். இரண்டு நிமிடத்தில் எனக்குத் தலை சுற்றியது. நான் நிறுத்திக் கொண்டேன். ஆச்சியால் நிறுத்த முடியாதே!

விழாவன்று பெற்றோருடன் ஆச்சியும் வந்திருந்தார். அந்தக் காட்சியில் அரங்கமே அமைதியாயிற்று. ஆச்சி என் கையைப் பற்றி, “இப்பந்தான் ஒழுங்காச் செஞ்சிருக்கே, மக்களே!” என்றார். இத்தனை ஆண்டுகளாக நான் செய்து காட்டியது தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சிரித்திருக்கிறார்.

“வாயை மூடு” என்று இப்போது யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. வாயை மூடினால்தானே காது திறக்கும்!

– பத்தாம் வகுப்பு மாணவி