ரெண்டு சிந்தசைசரும் ஒரே மாதிரிதானே கேக்குது சார்?

ஒரு சின்ன வீடியோ போட்டா போதும், இந்தக் கேள்வி வந்துடுதுங்க. நீளமான பதிவு, பொறுமையா படிங்க. கடைசில மருத்துவமும் இருக்கு.

என்கிட்ட இருக்கறது ரெண்டு. கோர்க் எம்எஸ்-20 மினி: 1978-ல் வந்த எம்எஸ்-20-ஐ 2013-ல் சின்னதா திரும்ப செஞ்சது. இன்னொண்ணு 2015-ல் வந்த மோக் மதர்-32. (மூக் இல்லீங்க, மோக்.) ரெண்டும் அனலாக், ரெண்டும் மோனோஃபோனிக், அதாவது நாதஸ்வரம் மாதிரி ஒரு நேரத்துல ஒரு சுரம்தான். செமி-மாடுலர்னா உள்ளேயே இணைப்பு இருக்கும், ஆன் பண்ணினதும் வாசிக்கலாம். வேணும்னா வெளியில ஒயர் சொருகி சிக்னலை வேற வழியில திருப்பலாம். பைபாஸ் ஆபரேஷன் மாதிரின்னு வச்சுக்கோங்க.

வித்தியாசம் முக்கியமா ஃபில்டர்ல. 110 ஹெர்ட்ஸ்ல ஒரு ரம்பப்பல் அலை வாசிச்சா, கூடவே 220, 330, 440 என்று மேலே மேலே அதன் மடங்குகளும் ஒலிக்கும். ஃபில்டர் அந்த மேல்பகுதியை வெட்டும். மோக் ஒரு ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டுது, எம்எஸ்-20 வெறும் 12. அதனால கோர்க்ல எப்பவும் கொஞ்சம் கரகரப்பு மிச்சம் இருக்கும். ரெசனன்ஸை ஏத்தினா மோக் விசில் மாதிரி பாடும், ஆனா அடிநாதம் மெலிஞ்சுடும். கோர்க் தொண்டை கட்டினவர் கத்தற மாதிரி கிழியும். எனக்கு அந்தக் கிழிசல்தான் பிடிக்கும்!

ஒப்பிடறப்ப எம்எஸ்-20-ல் ரெண்டாவது ஆஸிலேட்டரை மூடிடுங்க, மதர்ல ஒண்ணுதான் இருக்கு. சத்த அளவைச் சமமா வைங்க. கொஞ்சம் சத்தம் கூட இருக்கறதே காதுக்கு "நல்லா இருக்கு"ன்னு தோணும். போன் ஸ்பீக்கர்ல கேட்டுத் தீர்ப்பு சொல்லாதீங்க, அதுல அடிநாதமே வராது.

இவ்வளவும் செஞ்சு கேக்க வச்சேன், கச்சேரிக் குழுவுல கீபோர்டு வாசிக்கற ஒரு தம்பிக்கு. அடிநாத வித்தியாசத்தைப் பளிச்சுன்னு சொன்னார். ஃபில்டரை முழுசா திறந்து மேல்பகுதியை விட்டப்போ, "ஒண்ணுமே மாறலீங்களே சார்"ன்னார்.

இசைஞானம் இல்லாம இல்லை. பகல்ல அவருக்கு குமாரபாளையத்துல விசைத்தறி வேலை, பல வருஷமா. ஆடியோகிராம் எடுத்தா ரெண்டு காதுலயும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளம். நம்ம 110 ஹெர்ட்ஸோட 36-வது மடங்கு 3960. அந்த இடமே அவருக்குக் கேக்கலை.

இது சத்தத்தால வர்ற செவித்திறன் குறைவு. 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் பாதுகாப்பு வரம்பு. 88 ஆனா 4 மணி, 91 ஆனா 2 மணி. தறிக்கூடத்துல 90-ஐத் தாண்டறது சாதாரணம். போன முடிசெல்கள் திரும்ப முளைக்காது. மாத்திரை, சொட்டு மருந்து எதுவும் அதைக் கொண்டு வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம், அவ்வளவுதான்.

வேலை முடிஞ்சு வந்ததும் காதுல "ங்ங்"னு இரைச்சல், பேச்சு கேக்குது ஆனா புரியலை, வீட்ல டிவி சத்தம் ஏறிட்டே போகுது. இதுல எது இருந்தாலும் ஈஎன்டி பிரிவு உள்ள அரசு மருத்துவமனையில காட்டுங்க. கல்யாணத்துல செட் ஸ்பீக்கர் பக்கத்துலயே நிக்கறவங்களும்தான்.

காதுல பஞ்சு வச்சா போதாதுங்க. ஃபோம் இயர்பிளக்கை மெல்லிசா உருட்டி, மறுகையால காதை மேல்பக்கமா இழுத்து உள்ளே விட்டு, அது விரியற வரைக்கும் அரை நிமிஷம் பிடிச்சுக்கோங்க.