சாம்பல் சொன்ன சாட்சி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், அது நிஜமா என்று பார்ப்பதற்கு முன்னால், கதை நம்பும்படி ஓடுகிறதா என்று பார்ப்பான். விஞ்ஞானிகளின் அறிக்கையைக்கூட நான் அப்படித்தான் படிக்கிறேன். சூத்திரங்களைத் தாண்டிப் போய்விடுவேன். யார் வந்தார்கள், யார் கதவைத் திறந்தார்கள், முடிவில் என்ன கிடைத்தது என்பதில்தான் என் கண் இருக்கும். அப்படிப் படித்த ஓர் அறிக்கை என்னைச் சில இரவுகள் தூங்கவிடவில்லை.

2014-ம் வருஷம் ஸ்விட்ஸர்லாந்தில் லுகானோ என்ற ஊரில் ஒரு சோதனை நடந்தது. ஆண்ட்ரியா ரோஸ்ஸி என்ற இத்தாலியர் செய்த சிறிய உலை. அதற்குள் ஒரு கிராம் பொடி. பாதிக்கு மேல் நிக்கல். லித்தியம் நூற்றில் ஒரு பங்கு. இத்தாலியையும் ஸ்வீடனையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 32 நாள் அதை ஓட்டிவிட்டு, கொடுத்த மின்சாரத்தைப்போல் மூன்று மடங்குக்குமேல் சக்தி வந்தது என்று எழுதினார்கள். சூரியனுக்குள் நடக்கிற அணுச் சேர்க்கை மேஜைமேலேயே நடக்கும் என்று 1989-ல் அமெரிக்காவில் ஃபிளைஷ்மனும் பான்ஸும் சொன்னார்களே, அந்த ஆசையின் வாரிசு இது. உஷ்ணத்தை அளந்த முறையைப் பற்றித் தகராறு உண்டு. அது கிடக்கட்டும். என்னைப் பிடித்துக்கொண்டது உஷ்ணம் அல்ல, சாம்பல்.

ஒரு தனிமத்தின் ஐசோடோப்புகள் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவை. முகம் ஒன்று, குணம் ஒன்று; எடை மட்டும் வேறு. நிக்கல் வீட்டில் நிலையான பிள்ளைகள் ஐந்து பேர்: 58, 60, 61, 62, 64. பூமியில் எங்கே தோண்டி எடுத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு 58-தான். 62 நூற்றுக்கு நாலுகூடத் தேறாது. அடுப்பில் எரித்தாலும் அமிலத்தில் கரைத்தாலும் இந்த விகிதம் இப்படித் தலைகீழாகாது. அணுவின் கருவே மாற வேண்டும்; இல்லாவிட்டால் ஐசோடோப்புகளைத் தனியே பிரித்தெடுத்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தச் சாட்சிக்கு அவ்வளவு மதிப்பு.

உலைக்குள் போன பொடியில் விகிதம் இயற்கையாகத்தான் இருந்தது. வெளியே வந்த சாம்பலில் நூற்றுக்கு 98-க்கு மேல் 62!

இது எப்படி முடியும் என்று நானும், பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரும் ஒரு மாலை முழுவதும் யோசித்துப் பார்த்தோம். லித்தியம் தன்னிடமுள்ள ஒரு நியூட்ரானை நிக்கலுக்குத் தானம் கொடுத்திருக்கலாம் என்று ஒரு யூகம் உண்டு. சாம்பலில் லித்தியமும் இளைத்துத்தான் இருந்தது. 7 குறைந்து 6 பெருகியிருந்தது.

நண்பர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். “ஐந்தாறு நிக்கலுக்கு ஒரு லித்தியம்தான் இருக்கிறது, ஸார். 58 என்பது 62 ஆக வேண்டுமானால் ஆளுக்கு நாலு நியூட்ரான் வேண்டும். பந்தியில் இருபது இலை போட்டுவிட்டு ஒரு வடையைப் பரிமாறுகிற கதையாக இருக்கிறது!”

எனக்கு வேறொன்று உறுத்திற்று. கீழே இருந்த 58 ஏறி வந்தது, சரி. மேலே இருந்த 64 எங்கே? அதுவும் இறங்கி வந்து 62-ல் நின்றுவிட்டதா? நடுப்படியில் 60, 61 என்று யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டாமா? கடைசி அத்தியாயத்தில் எல்லாப் பாத்திரங்களும் ஒரே கல்யாணப் பந்தலில் வந்து கூடினால், ‘ஆசிரியர் இழுத்து வந்திருக்கிறார்’ என்று வாசகர் சொல்லிவிடுவார். நான் எழுதியிருந்தால் இந்த முடிவை அடித்திருப்பேன்.

இயற்கை எழுதிய கதை ஒன்றையும் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தை 1972-ல் பிரான்சில் பரிசோதித்தார்கள். 0.720 சதவிகிதம் இருக்க வேண்டிய யுரேனியம்-235, 0.717 தான் இருந்தது. மயிரிழை வித்தியாசம். அதைப் பின்பற்றிப் போனதில், சுமார் 200 கோடி வருஷங்களுக்கு முன்னால் அந்த மண்ணுக்குள் அணு உலை ஒன்று தானாகவே எரிந்து அணைந்தது என்று தெரிந்தது. அணு பிளந்தால் என்ன மிஞ்சுமோ, அந்த நியோடிமியம் முதலியவையும் அதே இடத்தில் அதே விகிதத்தில் கிடந்தன. அங்கே எந்தச் சாட்சியையும் யாரும் கையைப் பிடித்து அழைத்து வரவில்லை.

லுகானோவில்? பொடியை உள்ளே இட்டபோதும், முடிவில் வெளியே எடுத்தபோதும் ரோஸ்ஸி அங்கே இருந்து அந்த வேலையில் கலந்துகொண்டார் என்று அறிக்கையே சொல்கிறது. பிரித்தெடுத்த நிக்கல்-62 விலைக்குக் கிடைக்கிற சரக்கு. இதைச் சொல்வதால் நான் யார்மேலும் குற்றம் சாட்டவில்லை. பார்க்காததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் சாம்பல் பொய் சொல்லாது என்பது வேறு, கொண்டுவந்து காட்டிய சாம்பல் அந்த அடுப்பினுடையதுதானா என்பது வேறு.

ரோஸ்ஸிக்கும் அவருக்குப் பணம் போட்ட அமெரிக்கக் கம்பெனிக்கும் 2016-ல் வழக்கு மூண்டு, மறு வருஷம் சமரசமாக முடிந்தது. கூகிள் பண உதவியில் பல ஆய்வுக்கூடங்கள் வருஷக்கணக்கில் முயன்றும் குளிர் அணுச் சேர்க்கைக்கு அத்தாட்சி கிடைக்கவில்லை என்று 2019-ல் அறிவித்தன.

ஆனாலும் ஆசை விடுகிறதா? புகை இல்லாமல், கரி இல்லாமல், ஒரு கிராம் பொடியில் வீட்டு விளக்கெல்லாம் எரியும் என்றால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நானும் சொல்லமாட்டேன். அவ்வளவு பெரிய ஆசையாக இருப்பதனால்தான், பொடியை இடுகிற கையும் எடுக்கிற கையும் வேறு யாருடையதாகவாவது இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.