ஆறு மணி

சேரப்பணஞ்சேரியில் நண்பனின் நாய் இறந்த மறுநாள் போயிருந்தேன். நீரிழிவு. பன்னிரண்டு மணிக்கொரு ஊசி. பிறகு கண்புரை வந்து பார்வையும் போயிற்று. ஒரகடத்துத் தொழிற்சாலையில் மூன்று வருஷமாக அந்த ஊசிக்கு ஏற்ப ஷிப்டுகளை மாற்றி வாங்கிக்கொண்டிருந்தவன் அவன்.

'அதுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை' என்றேன். அவன் முகம் சுருங்கிற்று. ராத்திரி தனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதைத்தான் தாங்க முடியவில்லை என்றான்.

பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூர் நடுகல் நினைவுக்கு வந்தது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். எருமைகளுக்காக விழுந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயும் அதில் நிற்கிறது. காவல் காத்த நாய்க்குக் கல் கிடைத்தது. நோயில் கிடந்த நாய்க்கும், அதைக் காத்தவனுக்கும் நம்மிடம் கல்லும் இல்லை, சொல்லும் இல்லை. 'நாய்தானே' என்பதைத் தவிர.

ஆறு மணிக்கு அவன் செல்போனில் அலாரம் அடித்தது. நிறுத்தினான். ஃப்ரிட்ஜில் பாதி பாட்டில் இன்சுலின் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டான்.

'இன்னிக்கு அங்கேயே இருக்கட்டும்' என்றேன். தலையாட்டினான்.