பலகைமேல் ஓர் ஊர்

பொம்மை இரயிலா? இந்த வயதிலா? வேறு வேலை இல்லையா? நம் வீட்டு முன்னறைக்கு வருவோரில் பாதிப்பேர் இந்த மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் கேட்டுவிட்டுத்தான் உட்காருகின்றனர். மீதிப்பேர் கேட்பதில்லை; புன்னகை புரிகின்றனர். அந்தப் புன்னகைக்குக் கேள்வியே மேல்! அடுத்த வீட்டு மூதாட்டியார் மட்டும் எட்டிப் பார்த்து, "கொலுவா தம்பி? புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கிறதே?" என்றார். "இல்லையம்மா, இதில் படி கிடையாது" என்றோம். கொலுவிலும் இரயில் உண்டு. எல்லாப் படிகளுக்கும் கீழே, செட்டியார் கடைக்கும் பூங்காவுக்கும் பக்கத்தில், தரையில் ஓடும். மேற்படி யாருக்கு, கீழ்ப்படி யாருக்கு என்பது முன்னோர் முடிவுசெய்து வைத்துவிட்ட ஏற்பாடு. நம் பலகையோ ஒரே மட்டம். அந்த மட்டத்தில் ஊர் எப்படி அமர்ந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

பலகையின் நீளம் 12 அடி, அகலம் இரண்டரை அடி. அதன்மேல் நாம் எழுப்பியிருப்பது, விழுப்புரத்துக்கும் தஞ்சைக்கும் இடையே, பழைய மெயின் லைனில் எங்கேனும் இருந்திருக்கக்கூடிய ஒரு சிறு சந்திப்பு நிலையம். காலம், 1930-களின் கடைசி. அந்தப் பாதை இன்று அகலப்பாதை, அன்று மீட்டர்கேஜ். அளவு, எண்பத்தேழில் ஒரு பங்கு. இரயில் மாதிரிகள் செய்வோர் உலகெங்கும் கையாளும் அளவு இது. இந்தக் கணக்கில் மீட்டர்கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஆகிறது. சுவிட்சர்லாந்து நாட்டு மலைகளிலே மீட்டர்கேஜ் இரயில்கள் ஓடுவதால், அவற்றின் மாதிரிகளுக்கென அங்கே இதே அளவில் தண்டவாளம் விற்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைக்கென வார்த்த தண்டவாளம் காவிரி வயலுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

ஐந்தரை அடி மனிதன் இங்கே 19 மில்லிமீட்டர். அறுபது அடித் தென்னை, ஒரு சாண். ஒரு செங்கல்லின் நீளம் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். எல்லாம் சரி, தொலைவுதான் வம்பு! ஒரு மைலை இந்த அளவிலே சுருக்கினாலும் பதினெட்டரை மீட்டர் வேண்டும். நம் பலகை முழுவதையும் விரித்தால், உண்மையில் முந்நூறு மீட்டர் சொச்சம். நிலையத்தின் நடைமேடையும் கிளைப்பாதைகளுமே அதற்குமேல் கேட்கும். ஆகவே வெட்டவேண்டும், ஒடுக்கவேண்டும், சிலவற்றை விட்டுவிடவேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்யும் அந்த இடத்தில்தான், விளையாட்டு என்று ஊரார் சொல்லும் இந்த வேலை விளையாட்டாக இல்லாமற் போகிறது.

இரயிலை மட்டும் சுற்றவிட்டு மகிழ்ந்த காலம் ஒன்றிருந்தது. வண்டியைப்போலவே அது ஓடும் நிலத்தையும் நேசிக்கவேண்டும் என்று செய்துகாட்டியவர்களில் முதல்வரிசையில் நிற்பவர் இங்கிலாந்தின் ஜான் ஆஹெர்ன். 1930-களில் அவர் அமைக்கத் தொடங்கிய 'மேடர் வேலி' என்னும் கற்பனைப் பள்ளத்தாக்கு, இன்று ஆக்ஸ்போர்டுஷயரிலுள்ள பெண்டன் காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காட்சியகத்தை நிறுவிய ராய் இங்கிலாந்து என்பாரின் பெயர்தான் இங்கிலாந்து. பிறந்த நாடு ஆஸ்திரேலியா! 1925-இல் வந்தவர், அங்கத்திய சிற்றூர்களின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாய்ச் சிதைவதைக் கண்டு மனம் நொந்து, அட்டையில் அவற்றை அளந்து செய்துவைக்க முனைந்தார். ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியே கீறி, நீர்வண்ணத்தில் தனித்தனியே தீட்டிய சுவர்கள்! ஒரு குடிசைக்கே மாதக்கணக்கில் உழைப்பு. அந்தப் பொறுமைக்கு முன்னே நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் அந்த அழகிய கூரைகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், உள்ளே வாழ்ந்த பண்ணையாளுக்குக் குளிர்காலத்தில் சுவர் ஈரம் கசிந்ததா என்று கேட்கத் தோன்றுவதையும் மறைக்கமாட்டோம்.

நம் ஊருக்கு வருவோம். மேல்நாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் முதல் பாடமே மலைதான். கம்பிவலையின்மேல் காகிதம், அதன்மேல் பாரிஸ் சாந்து, நடுவே ஒரு குகை. வண்டி மறைவதற்கு வழி கிடைத்துவிடுகிறது. தஞ்சைத் தரணியில் மலைக்கு எங்கே போவது? வண்டியை மறைக்க நாம் ஒரு முனையில் தென்னந்தோப்பையும், மறுமுனையில் அரிசி ஆலையையும் நிறுத்தினோம். சமதரை எளிது என்று எண்ணுவோர் ஒரு முறை செய்து பார்க்கட்டும்! தட்டையான பலகை, தட்டையாகவே தெரியும், நிலமாகத் தெரியாது. உண்மையில் வயல்நாட்டு இரயில்பாதை தரையில் கிடப்பதில்லை, கரைமேல் கிடக்கிறது. ஆகவே தெர்மாகோல் அட்டையை அடுக்கிப் பாதையை 2 சென்டிமீட்டர் உயர்த்தினோம். கரைபோட மண் எடுத்த குழிகள் பாதையோரம் வரிசையாக நிற்குமே, அவற்றையும் தோண்டினோம். குழிகளில் நீர் வேண்டும். வார்னிஷை மெல்லிய பூச்சாக ஊற்றி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி ஊற்றி, இப்படி ஆறு பூச்சு. அடியில் நீலம் தீட்டினால் கெட்டது காரியம். நம் குட்டைநீர் எந்தக் காலத்தில் நீலமாக இருந்தது? சேற்றுப்பழுப்பும் பாசிப்பச்சையும்தான் உண்மை.

மண்ணுக்கு மண்ணே. வயல்மண்ணைக் காயவைத்து, வேட்டித்துணியில் சலித்துத் தூவினோம். ஒட்டுவதற்கு ஃபெவிகாலில் பாதிக்குப்பாதி நீர் கலந்து, ஒரு சொட்டுச் சோப்புக்கரைசலும் சேர்க்கவேண்டும். சோப்பு சேராவிட்டால் பசை, தாமரையிலைத் தண்ணீராய் உருண்டு நிற்குமேயன்றி மண்ணுக்குள் இறங்காது. நீரின் மேற்பரப்பு இழுவிசையைச் சோப்பு குறைக்கிறது, அவ்வளவே இரகசியம். தென்னைக்குக் கம்பியில் நூல் சுற்றிய தண்டு. ஓலைக்குக் கோழியிறகைக் கத்தரித்துச் சாயமிட்டது. வேப்பமரத்துக்குப் பழைய மின்கம்பியின் செப்பிழைகளை முறுக்கி, மேலே கிளைகளாக விரித்து, மரத்தூளும் பசையும் பூசி, பச்சைச் சாயமேற்றிய பஞ்சுரப்பரை அரைத்துத் தூவினோம். அரைக்கத் தனி மிக்சி வேண்டும். சமையலறை மிக்சியைத் தொட்டால் இல்லத்தில் நிகழும் புரட்சிக்கு நாம் பொறுப்பல்ல.

கட்டடங்களில் நமக்குப் பிடித்தது கூரை. நிலையத்துக்கு மங்களூர் ஓடு. பேசல் மிஷன் சபையார் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய தட்டையோடு அது. காகிதக் கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் வந்துவிடும். கடைத்தெரு வீடுகளுக்கோ வளைந்த நாட்டோடு. அதற்கு நாம் கண்ட கருவி, பேன்சீப்பு! நனைத்த தடித்தாளைச் சீப்பின் பல்வரிசைமேல் வைத்து அழுத்தி உலர்த்தினால், நாட்டோட்டின் நெளி ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் அப்படியே பதிகிறது. பிறகு கரி. நீராவி எஞ்சின் நின்று புகைவிடும் நிலையத்தில் புதுச்சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்றிருந்தால் அது கல்யாண வீடு, இரயில் நிலையம் அன்று. நீர்த்தொட்டியின் கீழே துருவோடிய கோடு, கரிமேட்டைச் சுற்றிக் கறுப்பு, ஓட்டின் விளிம்பில் புகைப்படிவு, இவை எல்லாவற்றையும் நீர்த்த மையால் ஏற்றவேண்டும். அமெரிக்கரான ஜான் ஆலன், பளபளக்கும் பொம்மைகளின் நடுவே தம் வண்டிகளையும் கட்டடங்களையும் வேண்டுமென்றே அழுக்காக்கிப் பலருக்கு வழிகாட்டியவர். 1973 சனவரியில் அவர் மறைந்த சில நாட்களில், அவர் அமைத்த பெரும் இரயில்நாடும் தீக்கிரையாயிற்று. அவர் காட்டிய அழுக்கின் இலக்கணம் நிலைத்துவிட்டது.

ஆனால் எந்த அழுக்கு? துருவும் கரியும் காண்போர் கண்ணுக்கு இனிக்கும் அழுக்கு. இன்னொரு அழுக்கு உண்டு, படம்பிடிக்கத் தூண்டாத அழுக்கு. இடம் போதவில்லை என்றவுடன் முதலில் பலகையைவிட்டு வெளியேறுவது எது என்று பாருங்கள். கோபுரம் வெளியேறாது, அது எடுப்பாக இருக்கிறது. குளம் இருக்கும். கடைத்தெரு இருக்கும். மேல்வகுப்புப் பயணிகளின் தங்கும் அறை, சாய்வுநாற்காலியோடு இருக்கும். 1974-இல் ஒழிந்த அந்த மூன்றாம் வகுப்பின் சீட்டுச் சன்னலும், அதன்முன் வெயிலில் மூட்டைமேல் குந்தியிருக்கும் கூட்டமும் கொஞ்சம் குறையும். சேரி இருக்காது. "இடமில்லை" என்பார்கள். ஊரிலும் அதைத்தானே சொன்னார்கள்!

நாம் சேரியை வைத்தோம். எங்கே வைப்பது என்பதில்தான் நான்கு வாரம் சென்றது. கடைத்தெருவை ஒட்டி வைத்துவிடலாம். இடம் மிச்சம், காட்சியும் நெருக்கமாக அமையும். ஆனால் 1930-களின் தஞ்சையில் இல்லாத சமத்துவத்தைத் தெர்மாகோலில் கட்டிக்காட்டுவது, அன்று தள்ளிவைக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் மரியாதையாகுமா? அதனால் பலகையின் பள்ளமான மூலையிலே பத்துக் குடிசை, இடையில் ஓரடி அகலத்துக்கு வெறும் வயல். மாதிரிகள் செய்யும் நண்பர் ஒருவர் அந்த ஓரடியைக் கண்டு பதறிப்போனார். "இங்கே ஒரு கிளைப்பாதையே போடலாமே, தோழர்!" என்றார். போடலாம்தான். பலகையிலேயே விலை கூடிய இடம் அந்தக் காலியிடம். இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

குடிசைகளிலும் ஒரு தொல்லை காத்திருந்தது. எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் வறுமைகூட அழகாகிவிடுகிறது! தேங்காய்நாரைச் சீவி வேய்ந்த கூரை, மண்சுவர், வாசலில் ஒரு கோழி — பார்ப்பவர் "அடடா!" என்கின்றனர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஜார்ஜ் செல்லியோஸ், 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக்கால நகரமொன்றை உதிர்ந்த சுவரும் ஒட்டுத்தாளுமாக அமைத்துப் புகழ்பெற்றவர். அதன் படங்களிலும் நம்மைக் கவர்வது அந்த உதிர்வின் அழகுதான். சிறியதெல்லாம் கண்ணுக்கு இனியது என்பது இந்தக் கலையின் பலம். அதன் கள்ளத்தனமும் அதுவே. குடிசையை அசிங்கமாக்கினால் அங்கே வாழ்ந்தோரை இழிவுசெய்ததாகும். அழகாக்கினால் அவர்கள் பட்டதை மறைத்ததாகும். இதற்கு நம்மிடம் மருந்து இல்லை. கூரைகளில் இரண்டைப் பாதி வேய்ந்த நிலையில் விட்டோம். தண்ணீருக்குக் குடத்தோடு நடக்கும் பெண்ணை, ஊர்க்கிணற்றருகே நிறுத்தாமல், கரைமண் எடுத்த அந்தக் குட்டையருகே நிறுத்தினோம்.

பிறகு, நிலையத்துச் சிற்றுண்டிச்சாலை. தென்னாட்டு இரயில்நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் 'பிராமணாள்' என்றும் 'இதராள்' என்றும் இடம் பிரித்துப் பலகை தொங்கியது கட்டுக்கதை அன்று. ஒரே எஞ்சின் இழுத்த வண்டியில், ஒரே கட்டணம் செலுத்தி வந்தோர், இறங்கியதும் இரு வாசல் தேடிய காலம் அது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் இடைவிடாது கண்டித்து வந்த அந்த முறை 1941-இல் நீக்கப்பட்டது. நம் பலகையின் காலம் அதற்கு முந்தியது. ஆகவே அந்த அறிவிப்புகளும் உண்டு. அரையடி எழுத்து இந்த அளவில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு; கணினியில் அச்சிட்டு, சவரத் தகட்டால் நறுக்கி, ஊசிமுனையால் தூக்கி ஒட்டவேண்டும்.

"எதற்கு அண்ணே இது? இவ்வளவு அழகான ஸ்டேஷனைக் கெடுத்துக்கொண்டு?" என்றார் அதே நண்பர். "மறந்துபோனதைத் தோண்டி எடுப்பானேன்?" என்று வேறொருவர். நாம் அவர்களோடு வாதிடவில்லை. அடுத்த வீட்டு மூதாட்டியாரின் பேத்தி, பத்து வயதுச் சிறுமி, பூதக்கண்ணாடியை வாங்கி நிலையத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், அங்கே நின்றாள்.

"மாமா, இதராள் என்றால் யார்?"

"நாம்தான், அம்மா."

"நாம் என்றால்?"

"நீ, உன் பாட்டி, நான், நம் தெரு, இந்த ஊரில் பெரும்பாலோர்."

அவள் கண்ணாடியை இறக்கவில்லை. "அப்படியென்றால் இந்தப் பக்கம் இவ்வளவு கூட்டம் இருக்கவேண்டுமே? நீங்கள் நாலு பேரைத்தானே வைத்திருக்கிறீர்கள்?" என்றாள். அவள் கேட்டபடி ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று பேர் வீதம் மெழுகில் வடித்துத் தீட்டுகிறோம்.

மாதிரி இரயில் நடத்துவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டிகளையும் சில பொருள்களையும் மாற்றி, ஒரே நிலையத்தை இருவேறு ஆண்டுகளில் ஓட்டுவார்கள். நாமும் அந்த இரு அறிவிப்புகளைப் பசையால் நிலையாக ஒட்டாமல், குண்டூசி முனைகளில் செருகிவைத்தோம். ஒரு மாலை 1938. மறு மாலை 1942. இடுக்கியால் இரண்டையும் பிடுங்கித் தீப்பெட்டியில் போட்டுவிட்டு வண்டியை விட்டால் ஆயிற்று. ஒரு வேலை மட்டும் கூடுதலாகச் செய்யவேண்டியிருந்தது. புகையும் வெயிலும் பட்ட சுவரில், பலகை மறைத்திருந்த இடம்மட்டும் வெளுப்பாக இருக்குமல்லவா? மையை நீர்க்கக் கரைத்து, அந்த இரண்டு சிறு கட்டங்களையும் விலக்கி, சுற்றிலும் கரியேற்றினோம். 1942-இல் வண்டி நிற்கும்போது, கூர்ந்து பார்ப்பவர்களுக்கு, சிற்றுண்டிச்சாலைச் சுவரில் இரண்டு வெள்ளைக் கட்டங்கள் தெரியும்.