ஒரு வெள்ளிக்கிழமை இரவின் மண்

மேசைமேல் இருந்த மாதிரி வண்டியில் முதலில் கண்ணில் படுவது அதன் கோணல்தான். பின்னால் வலப்பக்கச் சக்கரம் இடப்பக்கச் சக்கரத்தைவிட நன்றாகவே பெரியது, அகலமானது, உடலைவிட்டு வெளியே தள்ளி நிற்கிறது. இடப்பக்கச் சக்கரமோ சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாகப் பார்க்கிறவர்கள், செய்தவருக்கு அளவு தப்பிவிட்டது என்றே நினைப்பார்கள். அளவு தப்பவில்லை. அமெரிக்க மண் தடங்களில் ஓடுகிற ஸ்பிரிண்ட் கார் பிறப்பிலேயே அப்படித்தான்.

அந்தத் தடங்கள் நீள்வட்டமானவை. வண்டி இடப்புறமாக மட்டுமே திரும்பும். பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும். ஒரே சுற்றில் பெரிய சக்கரம் அதிகத் தூரம் உருளும் என்பதால், வண்டி தானாகவே இடப்பக்கம் வளைந்து போகப் பார்க்கும். ஓட்டுநர் கைகொடுக்கும் முன்பே டயர் பாதி வேலையை முடித்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால், அந்தக் கோணல் வண்டியில் எந்த உறுப்பும் காரணமில்லாமல் இருக்கும் இடத்தில் இருப்பதாகத் தோன்றாது.

பென்சில்வேனியா மாநிலத்தில் மெக்கானிக்ஸ்பர்க் ஊருக்கு அருகே வில்லியம்ஸ் குரோவ் என்ற அரை மைல் மண் தடம் இருக்கிறது. 1939 முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. பருவம் தொடங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை இரவு என்றாலே வில்லியம்ஸ் குரோவ்தான். சனிக்கிழமைக்கு லிங்கன், போர்ட் ராயல் என்று பக்கத்துத் தடங்கள் இருக்கின்றன. நான் பார்க்கப் போன முதியவர் இளம் வயதில் இந்தத் தடங்களில் ஒரு வண்டிக்குப் பற்றவைப்பு வேலை செய்தவர். இப்போது வீட்டின் நிலவறையில் அதே வண்டிகளை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்கிறார். அவரோடு இன்னும் சிலர் இதே வேலையில் இருக்கிறார்கள். ஒருவர் கைக்கு வராதது இன்னொருவர் கைக்கு வரும்.

எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநரையும் சேர்த்து இந்தக் காரின் எடை சுமார் 650 கிலோ. நம் ஊர் மாருதி 800 வெறும் வண்டியாகவே ஏறக்குறைய அந்த எடை இருந்தது, அதன் எஞ்சின் 37 குதிரைத்திறன். இங்கே மெத்தனால் குடிக்கும் 410 கன அங்குல வி8 எஞ்சின் சுமார் 900 குதிரைத்திறன் தருகிறது. ஸ்டார்ட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது, கியர்பாக்ஸும் கிடையாது. பின்னால் ஒரு டிரக் வந்து முட்டித் தள்ளினால்தான் எஞ்சின் உயிர் பெறும். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு ஓட்டுநரின் இரண்டு கால்களுக்கும் நடுவே ஓடுகிறது. தலைக்கு மேலே ஐந்தடிக்கு ஐந்தடி அலுமினிய இறக்கை. வேகம் ஏற ஏறக் காற்று அதை அழுத்தி டயரை மண்ணில் பதிய வைக்கும். மூக்கின் மேல் இன்னொரு சிறிய இறக்கை.

இதையெல்லாம் உள்ளங்கைக்குள் கொண்டுவர வேண்டும். ஐந்தடி இறக்கை ஆறு சென்டிமீட்டராகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 84 அங்குலம் என்பது எட்டரை சென்டிமீட்டராகிறது. சட்டத்துக்கான ஒன்றரை அங்குலக் குரோமோலி எஃகுக் குழாய் ஒன்றரை மில்லிமீட்டர் கம்பி ஆகிறது.

சாலையில் ஓடும் அமெரிக்கக் கார்களுக்கு மாதிரிப் பெட்டிகள் ஏராளம். ஏஎம்டி, எம்பிசி, மோனோகிராம் போன்ற நிறுவனங்கள் ஐம்பதுகளிலிருந்தும் அறுபதுகளிலிருந்தும் பிளாஸ்டிக் உறுப்புகளைப் பெட்டியில் அடைத்து விற்றன. மண் தட வண்டிகளுக்கு வந்த பெட்டிகள் குறைவு. வந்தவையும் பழசாகி, சேகரிப்பவர்களின் அலமாரியில் உறை பிரிக்காமல் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே முதியவர் பெட்டியிலிருந்து பெரும்பாலும் எதையும் எடுப்பதில்லை. சட்டத்தைப் பித்தளைக் கம்பியில் கட்டுகிறார். பிளாஸ்டிக் கம்பி நாளடைவில் தொய்ந்துவிடும், பித்தளை நிற்கும் என்பது அவர் கணக்கு.

ஒரு பலகையில் ஆணி அடித்து அச்சு ஒன்று வைத்திருக்கிறார். கீழ்க்கம்பிகள் இரண்டும் அதில் படுத்த பிறகுதான் நிமிர்ந்த கம்பிகள், பிறகு தலைக்கு மேல் வரும் கூண்டு. ஒவ்வொரு கம்பியின் முனையையும் மெல்லிய உருட்டு அரத்தால் பிறை வடிவில் குடைகிறார். அப்போதுதான் அது மற்றக் கம்பியின் முதுகில் இடைவெளி இல்லாமல் உட்காரும். உண்மையான சட்டத்தில் பற்றவைக்கும் முன் குழாய்க்குச் செய்வதும் இதுவேதான். அங்கே இடைவெளி விட்டால் பற்று பலவீனமாகும், கவிழ்கிற நாளில் ஓட்டுநரின் உயிர் அந்தப் பற்றில்தான் இருக்கும். இங்கே யாரும் சாகப் போவதில்லை. ஆனாலும் இடைவெளி தெரிந்தால் கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுகிறார். “இதைத் தப்பாகச் செய்ய என் கைக்குத் தெரியாது” என்றார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

எஞ்சினின் எட்டுக் காற்றுக் குழல்களையும் சிறிய கடைசல் எந்திரத்தில் அலுமினியத்தில் கடைகிறார். ஸ்பார்க் பிளக் வயர் எட்டும் தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த செப்புக் கம்பி. அவை காந்த மின்னாக்கியிலிருந்து கிளம்பிச் சரியான சிலிண்டருக்குச் சரியான வரிசையில் போக வேண்டும். இறக்கைக்கு, அச்சகங்களில் பயன்படுத்தித் தள்ளிய மெல்லிய அலுமினியத் தகடு. விரலால் அழுத்தினால் உண்மை இறக்கை நசுங்குவது மாதிரியே நசுங்கும். அந்த நசுங்கலும் அவருக்கு வேண்டும்.

ஏன் வேண்டும்? அன்று நான் தெரிந்துகொண்டவற்றில் முக்கியமானது இதற்கான பதில்.

மண் தட வண்டி ஒரே வண்டியாக நெடுநாள் இருப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சுவரில் மோதினால் மறு வெள்ளிக்கிழமைக்குள் மூக்கு மாறியிருக்கும். கோடையில் கவிழ்ந்தால் சட்டமே மாறும், எண் மட்டும் மாறாது. பருவம் முடிந்ததும் இன்னொருவருக்கு விற்பார்கள், அவர் வேறு நிறம் அடிப்பார். சில வருடத்தில் அது பழைய இரும்பு. ஃபேர்ஃபீல்ட் ஊரின் மாட்டு வியாபாரி பாப் வைக்கர்ட் 29ஆம் எண் வண்டி ஒன்றை வைத்திருந்தார். ‘பீஃப்மொபீல்’ என்று தடம் முழுக்கப் பெயர். டக் வூல்ஃப்கேங் அந்த வண்டிக்காக ஓட்டி, அயோவா மாநிலத்து நாக்ஸ்வில் நேஷனல்ஸ் பந்தயத்தை 1984, 1985 என அடுத்தடுத்த வருடங்களில் வென்றார். ஸ்பிரிண்ட் கார் உலகில் அதைவிடப் பெரிய பெருமை இல்லை. அந்த வண்டியைச் செய்து தா என்று யாராவது கேட்டால், முதியவர் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “எந்த இரவு?”

வருடம் போதாது, மாதம் போதாது. எந்த இரவு என்று சொன்னால்தான் எந்த இறக்கை, எந்த விளம்பரதாரர் பெயர், எந்தப் பக்கம் நசுங்கியிருந்தது, முன் பம்பர் நேரா வளைவா என்பதெல்லாம் தீர்மானமாகும். அதற்காக அவர் தேடுகிற தேடல் பித்தளை வேலையைவிட அதிகக் காலம் எடுக்கிறது. தடத்தின் புகைப்படக்காரர்கள் அன்றன்று விற்ற படங்கள், பந்தய நிரல் புத்தகங்கள், ‘ஏரியா ஆட்டோ ரேசிங் நியூஸ்’ வார இதழின் பழைய கட்டுகள் எல்லாம் நிலவறைச் சுவரோரம் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒரே வண்டியின் வலப்பக்கப் படம் ஓர் இரவிலும் இடப்பக்கப் படம் இன்னோர் இரவிலும் எடுத்ததாக இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரு வண்டி செய்ய அவர் மறுத்துவிடுகிறார். இல்லாத ஒரு வண்டியை உண்டாக்கியதாகிவிடும் என்கிறார்.

பழைய படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. நிறத்துக்கு ஆள்தான் சாட்சி. அந்தச் சாட்சி அன்று அங்கேயே இருந்தார். எழுபதுகளில் இந்த வட்டாரத்து வண்டிகளுக்குத் தூரிகையால் எண்ணும் பெயரும் எழுதிய பெண்மணி. வியாழக்கிழமை இரவு கொட்டகையில் வண்டி நிற்கும், ஒருபக்கம் எஞ்சினை இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பார்கள், மறுபக்கம் இவர் எனாமல் வண்ணத்தில் எழுதிக்கொண்டிருப்பார். எந்த வண்டிக்கு எந்தச் சிவப்பு என்று குறித்து வைத்த நோட்டு இன்னும் அவரிடம் இருக்கிறது. துளித்துளியாக வண்ணம் தொட்டு வைத்த பக்கங்கள். இப்போது முதியவரின் மாதிரிகளுக்கு எழுத்துகளைக் கணினியில் வரைந்து, நீரில் நனைத்து ஒட்டும் தாளில் அச்சடித்துத் தருகிறவரும் இவரே.

கணினியின் ஆயத்த எழுத்துருவை அவர் தொடுவதில்லை. பழைய படத்தில் இரண்டாவது ‘9’ முதல் ‘9’ஐவிடச் சற்று ஒல்லியாக இருந்தால், தாளிலும் ஒல்லியாகவே வரும். தகட்டின் வளைவில் தூரிகை திரும்பிய இடம் அது என்று சுட்டிக்காட்டினார். தானே எழுதிய எழுத்தைத் தானே பிரதி எடுக்கும்போது பழைய கையின் அவசரம் கூடத் தெரிகிறதாம். வெள்ளை எழுத்துக்குத்தான் பாடு. சாதாரண அச்சுப்பொறியில் வெள்ளை மை இல்லை. நிறுத்தப்பட்ட ஜப்பானிய அச்சுப்பொறி ஒன்றைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இனி மண். நான் அங்கே போனதே இதைப் பார்க்கத்தான்.

அலமாரியில் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் தடத்தின் பெயரும் வருடமும். பந்தயத்துக்குப் பிறகு வண்டிகளிலிருந்து சுரண்டி எடுத்த மண்ணையே முதியவர் சேர்த்து வைத்திருக்கிறார். ஆனால் அதை அப்படியே அப்ப முடியாது. அரை மில்லிமீட்டர் மணல்துகள் ஒன்று இந்த அளவில் அரை அங்குலச் சல்லியாகத் தெரியும். எனவே மண்ணைக் காயவைத்து, கலுவத்தில் இட்டு மாவாக அரைத்து, பெண்களின் நைலான் காலுறையில் சலிக்கிறார். சலித்த தூள் விரலில் பட்டால் பவுடர் போலவே இருந்தது. அதை நீர்த்த வார்னிஷில் கலந்து தூரிகையால் தெளிக்கிறார், சில இடங்களில் தொட்டு வைக்கிறார், சில இடங்களில் உலர்ந்த தூளாகவே ஊதிவிடுகிறார்.

எங்கே எவ்வளவு என்பதில்தான் அவருடைய முழு அனுபவமும் இருக்கிறது. மாலையில் தண்ணீர் விட்டு உருட்டிய தடம் ஈரமாகப் பிசுபிசுக்கும். முதல் சுற்றுப் பந்தயங்களில் அந்த ஈரமண் கட்டிகட்டியாகக் கிளம்பி முன் இறக்கையின் அடியிலும் சக்கரங்களின் உள்வட்டத்திலும் அப்பிக்கொள்ளும். இரவு ஏற ஏறத் தடம் காய்ந்து வழுக்கத் தொடங்கும். உதிரி மண் வெளிவிளிம்பில் வரப்பாகக் குவியும். கடைசிப் பந்தயத்தில் பறப்பது தூசி. ஆகவே வண்டியின் மேல் இரண்டு மண் இருக்கிறது, அடியில் காய்ந்த சேறு, அதன்மேல் வெளிறிய தூசி. இரண்டுக்கும் நடுவே இன்னொன்றும் உண்டு. பந்தயங்களுக்கு இடையில் பணியாளர்கள் தகட்டால் சேற்றைச் சுரண்டித் தள்ளுவார்கள், சேறு எடை கூட்டும் என்பதால். அந்தச் சுரண்டல் கோடுகளையும் அவர் போடுகிறார். கோடுகளின் மேல் தூசி படிந்திருந்தால் வண்டி கடைசிப் பந்தயம் முடித்து நிற்கிறது என்று பொருள். தூசி இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் அது இன்னும் ஓடப் போகிற வண்டி.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எரிபொருள் தொட்டிக்கும் இருக்கைக்கும் நடுவே, கை எட்டாத இடத்தில், சேறு சுரண்டப்படாமல் இருந்தது. தள்ளி நின்று பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. தடத்தில் குனிந்து சுரண்டியவருக்கு மட்டும் தெரியும், அங்கே தகடு போகாது என்று. ஓட்டுநர்களுக்குக் கோப்பையும் புகழ்மண்டபமும் இருக்கின்றன. சுரண்டியவருக்கும் எழுதியவருக்கும் பற்றவைத்தவருக்கும் இந்த மேசைதான் இருக்கிறது. பளபளவென்று மெருகேற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த மாதிரிகளை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். அவற்றின் கைத்திறனுக்குக் குறைவில்லை, ஆனால் அவை ஒருநாளும் ஓடாத வண்டிகள். இந்த வேலையில் மண்ணை விட்டுவிட்டால் பாதி உண்மையை விட்டதாகும் என்பது என் முடிவு.

இவர்கள் கூட்டத்தில் இளைஞர் ஒருவரும் இருக்கிறார். டயர்களையும் பின் அச்சுப் பெட்டியையும் கணினியில் வடித்து முப்பரிமாண அச்சில் ரெசினாக எடுத்துத் தருகிறார். டயரின் வெட்டுகள் அவ்வளவு துல்லியமாகக் கையால் வராது என்று முதியவரே ஒப்புக்கொள்கிறார். புதிய கருவி வந்ததால் கைவேலை செத்துவிடும் என்ற கவலையை அங்கே யாரிடமும் நான் பார்க்கவில்லை. எந்த இரவில் எந்த டயர் போட்டார்கள் என்று அச்சுப்பொறிக்குத் தெரியாது. இளைஞர் அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வாராவாரம் வருகிறார்.

அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குறை இருந்தது. படங்கள் கிடைக்கின்றன, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. யாரோ இறந்த பிறகு வீட்டைக் காலி செய்யும்போது பெட்டியோடு வந்து சேரும் படங்கள். வண்டி தெரிகிறது, அருகில் கைலேஞ்சியோடு நிற்பவர் யார் என்று தெரியவில்லை. எந்தத் தடம், எந்த வருடம், எதுவும் இல்லை. சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு பட்டறையின் படம், ஒரு எந்திரத்தின் படம், வேலைத்தலத்தில் அப்பாவோ தாத்தாவோ சகாக்களோடு நிற்கும் படம் இருந்தால், இந்த வாரமே எடுத்து அதன் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள். ஊர், வருடம், நிற்பவர்களின் பெயர்கள், தெரிந்தால் தேதியும்.