அப்பாயிக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து

அன்புள்ள அப்பாயி,

விடியக்காலையில் சிப்காட் பக்கம் ஆலைச் சங்கு ஊதினால் இன்றும் உன் குரல்தான் கேட்கிறது. "தப்பு அடிச்சாச்சு, எந்திரிங்க" என்பாய். இலங்கைத் தேயிலை மலையில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கூப்பிட அடித்த தப்பு, கடல் தாண்டி வந்த பிறகும் உன் காதைவிட்டுப் போகவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டிய நன்றியை ஊரறிய எழுதுகிறேன். இந்த இலங்கைத் தமிழர் முகாமில் பல வீடுகளில் உன்னைப் போல ஒருத்தி இருந்தாள். அவர்களுக்கும் இது சேரட்டும்.

ஆடி அமாவாசை அன்று பத்துக்குப் பத்து அறையில் இலைத்துண்டுகளை வரிசையாகப் போடுவாய். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சோறு, ஒரு வடை, பக்கத்தில் ஒரு டம்ளர் சாயத்தண்ணி. கடைசியாகச் செத்தவர் பெயரில் தொடங்கிப் பின்னோக்கிப் போவாய். தாத்தா, உன் அம்மா, உன் அப்பா, கோப்பிக் காலத்தில் சிறுவனாக நடந்து வந்த உன் தாத்தா. அதற்கப்புறம் பூர்வீக ஊருக்காகத் "துறையூர் மண்ணு" என்று ஓர் இலை. ஓரத்தில் இன்னோர் இலைக்கு மட்டும் பெயர் கிடையாது. "அது வழியில விழுந்ததுங்களுக்கு."

அந்த ஓரத்து இலையின் பொருளைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்த கூட்டங்களில் காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். பிழைத்துச் சேர்ந்தவர்கள் காட்டை வெட்டினார்கள், கோப்பி நட்டார்கள். 1869-இல் இலைநோய் தாக்கிக் கோப்பி அழியத் தொடங்கியதும் அதே கைகள் அதைப் பிடுங்கித் தேயிலை நட்டன. அதே காலத்தில் அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறி ஐந்து வருடம் உழுதவனுக்கு 160 ஏக்கர் சொந்தமானது. அங்கேயும் அது பழங்குடிகளிடம் பறித்த மண்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அங்கே குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வம்ச வரலாறு எழுத உட்கார்ந்தால் கையில் பட்டா இருக்கும், பதிவேடு இருக்கும், பெயர் வெட்டிய கல்லறை இருக்கும். உன் தாத்தாவுக்குக் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு லயத்துக் காம்பரா.

நமக்கென்று மிஞ்சியது உன் சுருக்குப்பையில் இருந்த தகரம் ஒன்றுதான். கட்டைவிரல் அகலம், மேலே கயிறு கோக்க ஓர் ஓட்டை, தேய்ந்த எண்கள். உன் அம்மா அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மண்டபம் முகாமில் நாள் கணக்கில் அடைபட்டுக் கிடந்து, தனுஷ்கோடியில் கப்பலேறினாள். எந்தத் தோட்டத்து ஆள், எத்தனையாவது ஆள் என்பதை அந்த எண்கள் சொல்லும். பெயருக்கு அதில் இடமே இல்லை. அந்தப் பெயரை நீதான் எனக்குச் சொன்னாய், அப்பாயி. வருடத்துக்கு ஒரு தடவை, சோறு ஆறுவதற்குள், ஒன்றுவிடாமல்.

1948-இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்து உங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். உங்களை யாரும் கேட்கவில்லை. 1977 கலவரத்தில் லயம் எரிந்ததும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனாய். அங்கே மறுபடியும் காடு வெட்டி, கச்சானும் மிளகாயும் போட்டீர்கள். அதுவும் 1990-இல் போரில் போயிற்று. மன்னாரில் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, உன் அம்மா அடைபட்டிருந்த அதே மண்டபத்தில் பதிவு செய்து, கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பப்பட்டோம். வந்த மறுநாளே வாசலில் முருங்கைக் கொம்பு ஊன்றினாயாமே! அப்பா இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கிறார். மூன்றாவது தடவையும் ஒரு மண்ணில் கை வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

அப்பா பெயிண்டிங் வேலைக்கு முதல் ரயிலில் போவார். நான் படித்தேன். படிப்புக்கும் வேலைக்கும் எழுதிய விண்ணப்பங்களில் பூர்வீகம் என்று கேட்ட இடங்களில் பேனா நின்றதில்லை. இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பு சொன்ன அன்று, முகாமில் எத்தனையோ பேர் தாத்தாவின் ஊரைத் தேடித் தவித்தார்கள். நான் துறையூர் என்றேன், ஐந்து தலைமுறைப் பெயர்களை எழுதினேன். இன்னும் காத்திருக்கிறோம். ஆனால் அந்தத் தாள் வெறுந்தாள் இல்லை, அப்பாயி.

2021-இல் இந்த இடத்தின் பெயரை அகதிகள் முகாம் என்பதிலிருந்து மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. அந்தச் சொல்லை நீ கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

ஆடி வருகிறது. முருங்கை காய்த்துக் கிடக்கிறது. என் மகள் பெயர்களை மனப்பாடம் செய்கிறாள், உன் தாத்தாவின் பெயரில் மட்டும் நாக்கு தடுக்குகிறது. ஓரத்து இலையை மறக்காமல் கேட்டுப் போட்டுக்கொள்கிறாள். இந்த வருடம் வரிசை உன் பெயரில் தொடங்க வேண்டும். அதை அவளே சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் பேத்தி